கலைக்கப்பட்ட சாட்சி

டூசென் தசைச்சிதைவு நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்குகிறது. நேற்றுவரை ஓடியாடிய சிறுவன் மாடிப்படி ஏறத் தடுமாறுகிறான். பதின்ம வயதின் தொடக்கத்தில் பலருக்குச் சக்கர நாற்காலி தேவைப்படுகிறது. தசைகளைக் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதம் அவர்கள் உடலில் சரியாக உருவாவதில்லை. சிலருக்கு இதற்குக் காரணம், மரபணுவில் உள்ள ஒரே ஓர் எழுத்துப் பிழை. வாக்கியத்தின் நடுவே முற்றுப்புள்ளி விழுந்தால் படிப்பவர் அங்கேயே நிறுத்திவிடுவார் அல்லவா? உயிரணுவும் அப்படித்தான் புரதத்தைப் பாதியில் கைவிட்டுவிடுகிறது.

அந்தத் தவறான முற்றுப்புள்ளியைத் தாண்டிப் படிக்க வைக்கும் மருந்து கிடைக்குமா? அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் இதைத் தேடினர். சோதிக்க வேண்டிய வேதிப்பொருள்களோ ஏறத்தாழ 8 இலட்சம். அத்தனையையும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க இயலாது. எனவே, அவர்கள் மின்மினிப் பூச்சியின் துணையை நாடினர்.

மின்மினியின் ஒளிக்குக் காரணம் லூசிஃபெரேஸ் என்னும் நொதி. அதன் மரபணுவின் நடுவில் ஆய்வாளர்கள் வேண்டுமென்றே ஒரு முற்றுப்புள்ளியை வைத்து, அதை மனித உயிரணுக்களுக்குள் புகுத்தினர். உள்ளே நடப்பதை ஒளியால் தெரிவிக்கும் இத்தகைய உயிரணுவை ‘அறிவிப்பு உயிரணு’ எனலாம். மருந்து வேலை செய்தால் முழு நொதி உருவாகும்; ஒளி கூடும். இத்தகைய சோதனைகளில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு தட்டில் 384 சிறு குழிகள் இருக்கும். குழிக்கு ஒரு வேதிப்பொருளாக இட்டு, எது ஒளிர்கிறது என்று கருவி அளந்துகொண்டே போகும்.

ஒளியைக் கூட்டிய பொருள்களைச் செம்மைப்படுத்தி உருவாக்கிய மருந்துதான் அட்டலூரன். அதைப் பற்றிய ஆய்வு 2007இல் வெளிவந்தது.

2009இல் அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகங்களின் ஆய்வாளர்கள் சங்கடமான ஒன்றைக் கண்டறிந்தனர். அட்டலூரன் மின்மினி நொதியோடு தானே ஒட்டிக்கொள்கிறது. ஒட்டப்பட்ட நொதி எளிதில் சிதைவதில்லை. உயிரணுவில் சேரச் சேர ஒளியும் கூடுகிறது. அதாவது, முற்றுப்புள்ளியைத் தாண்டாமலே ஒளி கூடலாம்! ரெனில்லா என்னும் கடல்வாழ் உயிரியின் ஒளிநொதியைக் கொண்டு சோதித்தபோது ஒளி கூடவில்லை. சாட்சியையே மருந்து கலைத்துவிட்டதோ என்ற ஐயம் எழுந்தது. மருந்தை உருவாக்கியவர்கள் ஒளியைச் சாராத வேறு சோதனைகளைச் சான்றாகக் காட்டினர். விவாதம் நீண்டது. ஐரோப்பாவில் 2014இல் நிபந்தனையுடன் கிடைத்த அனுமதி, பயன் உறுதிப்படவில்லை என்பதால் 2025இல் புதுப்பிக்கப்படவில்லை. நம்பிக் காத்திருந்த பெற்றோருக்கு அது எளிய செய்தியன்று.

பழைய முறையில் இன்னொரு குறையும் உண்டு. புகுத்தப்படும் ஒளி மரபணு உயிரணுவில் எங்கே, எத்தனை படிகளாகப் போய் அமரும் என்பது பெரும்பாலும் ஆய்வாளர் கையில் இல்லை. 2012இல் ஜெனிஃபர் டௌட்னாவும் இம்மானுவேல் சார்ப்பாந்தியேயும் விளக்கிய கிரிஸ்பர் முறை இந்நிலையை மாற்ற உதவியது. மரபணுத் தொகுதியில் வேண்டிய இடத்தை வெட்டி, அங்கேயே ஒளிக்குறியைப் பொருத்தலாம். மின்மினி நொதியில் 550 அமினோ அமிலங்கள் உள்ளன. இப்போது 11 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு வால் ஒன்றைப் புரதத்தில் ஒட்டினாலே போதும். அளக்கும் நேரத்தில் மீதிப் பகுதியைச் சேர்த்தால் இரண்டும் இணைந்து ஒளிரும். உயிரணுவின் சொந்தப் புரதத்தை மருந்து என்ன செய்கிறது என்பதையே இது காட்டுகிறது.

ஆயினும், இந்தச் சாட்சியும் குறுக்கு விசாரணைக்குத் தப்புவதில்லை. ஒளியைக் கூட்டிய பொருள், நோயோடு தொடர்பில்லாத இடத்தில் அதே ஒளிக்குறியைக் கொண்ட வேறோர் உயிரணுவிலும் இடப்படுகிறது. அங்கும் ஒளி கூடினால், அப்பொருளின் மீது ஐயம் விழுகிறது.