கடல்சார் மேலாண்மை படிக்கவிருக்கும் தம்மம்பட்டி இளைஞருக்கு



2008-இல் மத்தியச் சட்டத்தால் நிறுவப்பட்டுச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தில் துறைமுக, கப்பல் மேலாண்மையில் முதுகலைப் பட்டம் பெற விழையும் மாணவர், அப்படிப்பு கப்பலைச் செலுத்தக் கற்பிப்பதன்று என்பதை முதலில் உணர வேண்டும். கப்பல் நிறுவனம், துறைமுகம், சுங்கத்துறை, காப்பீட்டாளர், சரக்கின் உரிமையாளர், துறைமுகத்தில் கப்பலின் சார்பாகச் செயல்படும் கப்பல் முகவர் ஆகியோர் தத்தம் சட்டத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் கட்டுப்பட்டவர்கள். அனைவருக்கும் ஆணையிடும் ஒருவர் இல்லாத நிலையில் அவர்களை ஒரே முடிவுக்குக் கொண்டுவருவதே இத்துறையின் கடினமான பணியாகும்.

எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பலுக்கு நேர்ந்தது இதற்குத் தக்க பாடம். 1,486 கன்டெய்னர்களுடன் சென்ற அக்கப்பலில், 25 டன் நைட்ரிக் அமிலமும் இருந்தது. அமிலக் கன்டெய்னர் ஒன்று கசிவது தெரிந்ததும் அதை இறக்கக் கத்தாரின் ஹமத், குஜராத்தின் ஹசிரா துறைமுகங்களில் கோரியும் இயலாமற்போகவே, கப்பல் கொழும்பை நோக்கிச் சென்று, 2021 மே மாதம் தீப்பற்றி, ஜூனில் மூழ்கியது. கப்பலிலிருந்து கரையொதுங்கிய பிளாஸ்டிக் குருணைகளும் மீன்பிடித் தடையும் இலங்கை மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்தன. 2025-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. கசிவை அறிந்தவர்கள் இருந்தும், அதை ஏற்றுத் தீர்க்கும் இடம் வழியில் கிடைக்கவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. ஆகவே விபத்து விசாரணை அறிக்கைகளை வாசிக்கும் மாணவர், எவருக்கு எப்பொழுது என்ன தெரிந்தது, எவருக்கு எந்த அதிகாரம் இருந்தது என்று நாள்வாரியாகக் குறித்துப் பழக வேண்டும்.

சட்டத்தையும் புதிதாகவே கற்க வேண்டும். 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்கும் 1908-ஆம் ஆண்டின் துறைமுகச் சட்டத்துக்கும் மாற்றாக 2025-இல் நாடாளுமன்றம் புதிய சட்டங்களை இயற்றியிருப்பதால், பழைய பாடநூல்களை மட்டும் நம்புவது தகாது.

தம்மம்பட்டி போன்ற கடலற்ற ஊரில் பிறந்ததை எவரும் குறையாகக் கருத வேண்டியதில்லை. ஏற்றுமதிச் சரக்கின் பயணம் துறைமுகத்தில் அன்று, பட்டறையிலும் பண்ணையிலும் தொடங்குகிறது. புவிசார் குறியீடு பெற்ற தம்மம்பட்டி மரச்சிற்பத்தை வெளிநாட்டுக்கு அனுப்பும் மரப்பெட்டி, பூச்சி பரவாதிருக்க, பன்னாட்டு விதிப்படி அதன் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 30 நிமிடம் சூடேற்றப்பட்டோ, விதி ஏற்கும் வேறு முறையில் பதப்படுத்தப்பட்டோ முத்திரை பெற்றிருக்க வேண்டும். முத்திரையில்லாத பெட்டியை இறங்கும் துறைமுகம் திருப்பியனுப்பலாம். நாமக்கல் முட்டையை வளைகுடாவுக்குக் கொண்டுசெல்லும் குளிரூட்டிய கன்டெய்னருக்கோ லாரியிலும் துறைமுக முற்றத்திலும் கப்பலிலும் மின்சாரம் தடையின்றிக் கிடைக்க வேண்டும். ஒவ்வோரிடத்திலும் அதற்குப் பொறுப்பாளர் வேறு. விடுமுறையில் இத்தகைய சரக்கு ஒன்றைப் பட்டறை முதல் துறைமுக வாயில் வரை பின்தொடர்ந்து, அது கைமாறும் இடங்களையும் அங்கு எழுதப்படும் ஆவணங்களையும் குறித்துவைக்கும் மாணவருக்கு வகுப்பறைப் பாடம் தெளிவாக விளங்கும்.

இப்பட்டம் பெறுபவர், தம் முன் வரும் சிக்கலை அடுத்த துறைமுகத்துக்குத் தள்ளிவிடாமல், தீர்க்க வல்லவரைத் தேடிக் கண்டு, தீரும் வரை உடனிருப்பவராக விளங்க வேண்டும். கடலோடிகளின் உயிரும் கரையோர மக்களின் வாழ்வும் அந்தப் பொறுப்பை நம்பியே இருக்கின்றன.