கணக்கு உதைத்தால் தேடுவது போல: கடைக் கம்ப்யூட்டர் கோளாறுகளைக் கண்டறியும் பாடம்



பேரேடு எழுதிய காலத்தில் மாதக் கடைசியில் கணக்கு உதைத்தால் நாம் என்ன செய்தோம்? பேரேட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கவில்லை. வித்தியாசத் தொகை எவ்வளவு என்று முதலில் பார்த்தோம். அது 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், 72 என்று எழுத வேண்டியதை யாரோ 27 என்று எழுதியிருக்கலாம் என்று தேடினோம். வித்தியாசத்தில் பாதித் தொகை எங்காவது பதிவாகியிருந்தால், பற்றுக்கு வர வேண்டியது வரவில் ஏறியிருக்குமோ என்று பார்த்தோம். தவறு எங்கே என்பதற்கான அடையாளம் தவறிலேயே இருக்கும்.

கடைக் கம்ப்யூட்டர் மக்கர் செய்யும்போது மட்டும் இந்தப் பழக்கத்தை மறந்துவிடுகிறோம். நெட் வரவில்லை என்றால் ரூட்டரை மாற்றுகிறோம். அதற்கும் சரியாகவில்லை என்றால் கம்ப்யூட்டரையே மாற்றுகிறோம். பணம் போகிறது, கோளாறு அப்படியே இருக்கிறது. மாதம் 11-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கல் செய்ய வேண்டிய அன்று இப்படி நேர்ந்தால் நஷ்டம் நமக்கு மட்டுமல்ல. நம்மிடம் சரக்கு எடுத்த சில்லறைக் கடைக்காரருக்கு அந்த மாதம் வர வேண்டிய உள்ளீட்டு வரி வரவும் தள்ளிப்போகும்.

கிண்டியில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். 1958-ல் தொடங்கிய தொழிற்பேட்டைக்கு அருகில் இருக்கிறது. கீழே கடை, பின்னால் குடோன், மாடியில் குடும்பம். மூன்றுக்கும் ஒரே இணைய இணைப்பு. இங்கே வரக்கூடிய நான்கு புதிர்களைப் பார்ப்போம்.

புதிர் 1: காலையில் மட்டும் திறக்காத வங்கி

இரவு மெயினை அணைத்துவிட்டுப் போகிறோம். காலையில் வங்கித் தளம் ‘பாதுகாப்பற்றது’ என்று சொல்லித் திறக்க மறுக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துச் சில நாட்களில் தானே சரியாகிவிடுகிறது. பழி இணையக் கம்பெனி மேல் விழுகிறது.

திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஓட்டுவது, மதர்போர்டில் உள்ள காசு வடிவப் பேட்டரி. பெரும்பாலும் சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பேட்டரியாக இருக்கும். அது தீர்ந்தால் தேதி தவறும். வங்கித் தளத்தின் சான்றிதழ் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்று கம்ப்யூட்டர் பார்ப்பதால், தேதி தவறினால் தளத்தை நம்ப மறுக்கிறது. அந்தத் தேதியிலேயே நாம் பில்லும் போட்டுவிட்டால் அது வேறு வம்பு. ஒரு சிறு பேட்டரியோடு முடிகிற வேலை இது.

புதிர் 2: சாப்பாட்டு நேரத்தில் போகும் வைஃபை

மதியம் ஒன்றரை மணிக்கு நெட் தடுமாறுகிறது, இரண்டு மணிக்குச் சரியாகிறது. மாடியில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். அது சுமார் 2,450 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. பழைய வகை வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் ஓடுகிறது. அடுப்பிலிருந்து சிறிதளவு அலை கசிந்தாலும் பக்கத்திலுள்ள வைஃபைக்கு இடைஞ்சல்தான். ரூட்டரை அடுப்பிலிருந்து தள்ளி வைக்கலாம், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றலாம். 5-ல் இடைஞ்சல் குறைவு, ஆனால் சுவர் தாண்டி எட்டும் தூரமும் குறைவு. ஆகவே பில் போடும் கம்ப்யூட்டருக்குக் கேபிள் இழுப்பதே மேல்.

கோளாறு வரும் நேரத்தைக் குறித்து வைப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேல்ஸ் நாட்டின் அபெர்ஹோசன் கிராமம் சாட்சி. அங்கே தினமும் காலை 7 மணிக்கு ஊர் முழுவதும் இணையம் படுத்துவிடும். கேபிளை மாற்றியும் பயனில்லை. சுமார் 18 மாதங்களுக்குப் பிறகு, 2020-ல், பொறியாளர்கள் கருவியோடு தெருத் தெருவாக நடந்து காரணத்தைப் பிடித்தார்கள். ஒரு வீட்டில் காலை 7 மணிக்குப் போடப்படும் பழைய டி.வி.யிலிருந்து வந்த மின் இரைச்சல்தான் அது.

புதிர் 3: ‘ஆஃப்லைன்’ ஆகும் பிரிண்டர்

பிரிண்டரில் விளக்கு எரிகிறது, காகிதம் இருக்கிறது, பில் மட்டும் வரவில்லை. குடோன் கம்ப்யூட்டரிலும் நெட் வந்து வந்து போகிறது. வீட்டில் யாராவது பழைய ரூட்டர் ஒன்றைக் கூடுதலாக மாட்டினார்களா என்று விசாரியுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் விலாச எண் கொடுப்பது ரூட்டரின் வேலை. இரண்டு ரூட்டர்களும் அந்த வேலையைச் செய்தால், ஒரே தெருவில் இரண்டு பேர் தனித்தனியாகக் கதவு எண் எழுதியது போல் ஆகும். இரண்டாவது ரூட்டரில் எண் வழங்கும் வசதியை அணைத்துவிட்டு, பிரிண்டருக்கு மாறாத எண் ஒன்றை ஒதுக்கிவிட வேண்டும்.

புதிர் 4: தொட்டால் சுர்ரென்னும் பெட்டி

கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் லேசான ஷாக். டெஸ்டர் வைத்தால் எரிகிறது. பெரும்பாலும் காரணம் எர்த் இல்லாததுதான். மின் இரைச்சலை வடிகட்ட பவர் சப்ளைக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் பெட்டிக்கு வரும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி பெட்டியில் நிற்கும். பென் டிரைவ் சொருகும் துளைகள் கெட்டுப்போவதற்கும் இது காரணமாகலாம். பவர் சப்ளைக்குள்ளேயே இன்சுலேஷன் பழுதாகியிருந்தால் உயிருக்கே ஆபத்து. இதை நாமே நோண்டக் கூடாது. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். பவர் சப்ளையையும் யு.பி.எஸ்.ஸையும் நாம் ஒருபோதும் திறக்கக் கூடாது. அணைத்த பிறகும் அவற்றுள் மின்சாரம் தங்கியிருக்கும்.

தேடும் முறை

முதலாவது, கை வைக்கும் முன் கணக்குகளுக்குப் பிரதி எடுத்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டால் மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்காமல், உடனே அணைத்துவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இரண்டாவது, எப்போது வருகிறது, எந்தக் கம்ப்யூட்டரில் வருகிறது, அதற்கு முன் கடையில் என்ன மாறியது என்று நோட்டில் எழுதுங்கள்.

மூன்றாவது, கோளாறு கடைக்கு உள்ளேயா வெளியேயா என்று பிரியுங்கள். ‘பிங்’ என்ற கட்டளையோடு ரூட்டரின் எண்ணைக் கொடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். பதில் வராவிட்டால் கடைக்குள் கேபிளையோ ரூட்டரையோ பாருங்கள். பதில் வந்தால் 8.8.8.8 என்று கொடுங்கள். அதற்குப் பதில் இல்லையென்றால் வெளி இணைப்பைச் சந்தேகிக்கலாம். இரண்டுக்கும் பதில் வந்தும் தளங்கள் திறக்கவில்லையென்றால், பெயரைப் பார்த்து எண்ணைச் சொல்லும் டி.என்.எஸ். சேவையில் கோளாறு இருக்கலாம். புகார் செய்யும்போது இதைச் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும்.

நான்காவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் கேபிள், பிறகு துளை, பிறகு ரூட்டர். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. அது நாளைக்கு மறுபடி வரும். இது தெரியாமல் ரிச்சி தெருவுக்குப் போனால், வேண்டாத சாமானுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டு வருவோம்.

பிரதியே முதல் காப்பு

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருக்கெடுத்தபோது கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல் பகுதிக் கடைகளிலும் பட்டறைகளிலும் தண்ணீர் புகுந்ததை நாம் மறந்திருக்க முடியாது. தரையில் வைத்த பெட்டியும் யு.பி.எஸ்.ஸும் இப்படிப்பட்ட வெள்ளத்தில் தப்பாது. நனைந்த கம்ப்யூட்டரை ஆன் செய்து பார்ப்பது, இருப்பதையும் இழக்கும் வழி.

ஆகவே கருவிகளைத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். கணக்கின் பிரதி ஒன்று கடையில், ஒன்று வேறு இடத்தில், ஒன்று இணையச் சேமிப்பில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியைத் திறந்து, பழைய பில் ஒன்று வருகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கெட்டுப்போன சாமானைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். யார் யாரிடம் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது. இந்த வாரமே ஒரு பிரதி எடுங்கள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோளாறு நோட்டுப் போடுங்கள்.