பாத்திரம் காத்திருக்கட்டும்

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளை வீட்டில் பார்த்துக்கொள்கிறேன். சமையலறை மட்டும் ஒழுங்குக்கு வரமாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, ஆரம்பாக்கம்

பதில்: பளபளப்பு வேறு, சுத்தம் வேறு. தவழும் குழந்தைக்குச் சமையலறை என்பது தரையிலிருந்து இரண்டடி உயரம்தான், ஆபத்தும் அங்கேதான். பினாயிலையும் ஆசிட்டையும் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி சிங்க்குக்கு அடியில் வைக்கும் வீடுகள் எத்தனை! குழந்தைக்கு அது ஜூஸ். அவற்றைப் பரணில் ஏற்றிவிட்டு, கீழ்த்தட்டில் எவர்சில்வர் டம்ளர்களை வையுங்கள், உருட்டி விளையாடட்டும். அடுத்தது சாப்பாடு. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் கடலோரப் புழுக்கத்தில், மதியம் மீந்த பருப்பு சாதத்தை மாலைக்கு மூடிவைப்பது சிக்கனம் ஆகாது.

அழைத்துப்போக வரும் தாய்மார்கள் சிங்க்கைப் பார்த்து முகம் சுளிப்பார்களே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால், குழந்தை விழித்திருக்கும்போது பாத்திரம் தேய்த்தால் உங்கள் முதுகுதான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். தூங்கும் நேரத்துக்குத் தள்ளிப்போடுங்கள். எல்லாச் சுமையையும் நீங்களே தூக்கவும் வேண்டாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும் என்றது 2017-இன் மகப்பேறு பயன் சட்டத் திருத்தம். அந்த வசதி கிடைக்காதவர்களின் சுமை உங்கள் அடுப்படிக்கு வருகிறது. எனவே, மாதம் வாங்கும் தொகையில் பாத்திரம் தேய்க்க ஆள் வைக்கும் கூலியையும் சேர்த்தே கேளுங்கள்.