எது எப்படி வந்தது? – இந்த இதழில்: ஹோம் தியேட்டர் ரிசீவர்

பண்டிகைத் தள்ளுபடியில் வாங்கியது, அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்தது, பழைய சாமான் கடையில் பேரம் பேசிப் பிடித்தது என்று ஆளுக்கொரு பெட்டி வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. கடிதங்கள் அப்படி வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை ஒரே பொருள்தான்.

கே: டி.வி.க்குக் கீழே கனமாக உட்கார்ந்திருக்கும் ஏவி ரிசீவரைக் கண்டுபிடித்தவர் யார்? (மதுரை வாசகர்)

ப: ஒருவர் உட்கார்ந்து கண்டுபிடித்ததல்ல. தனித்தனியாக இருந்த பெட்டிகள் ஒன்றாகச் சேர்ந்து உருவானது. 1950களின் தொடக்கத்தில் வீட்டில் நல்ல ஒலி வேண்டுமென்றால் ரேடியோ ட்யூனர் தனி, ப்ரீ-ஆம்ப்ளிஃபயர் தனி, பவர் ஆம்ப்ளிஃபயர் தனி. மூன்றையும் வயர் போட்டு இணைப்பதற்குள் பாட்டுக் கேட்கும் ஆசையே போய்விடும். சிட்னி ஹார்மன், பெர்னார்ட் கார்டன் என்ற இருவர் 1953இல் தொடங்கிய நிறுவனம், மறு ஆண்டே மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கி ‘ஃபெஸ்டிவல் டி1000’ என்று விற்றது. 1958இல் ஸ்டீரியோ வந்தது.

பிறகு சினிமா உள்ளே புகுந்தது. 1982இல் டால்பி சரவுண்ட் வீடுகளுக்கு வந்தது. 1987இல் ப்ரோ லாஜிக். 1992இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தோடு தியேட்டருக்கு வந்த டால்பி டிஜிட்டல், 1995இல் லேசர் டிஸ்க் வழியாக வீட்டுக்கும் வந்துவிட்டது. 2002இல் எச்.டி.எம்.ஐ. பிறந்த பிறகு படமும் ஒலியும் ஒரே கம்பியில் இதே பெட்டி வழியாகப் போக ஆரம்பித்தன. 2012இல் தியேட்டர்களில் அறிமுகமான டால்பி அட்மாஸ் ஒலி, 2014இல் வீட்டு ரிசீவரில் ஏறியது. ரஜினியின் ‘சிவாஜி’ 2012இல் 3டி-யாகத் திரும்பி வந்தபோது அட்மாஸ் ஒலியோடுதான் வந்தது.

ஆக, உங்கள் பெட்டிக்குள் இருப்பது ஒரு ரேடியோ, ஒரு கம்ப்யூட்டர், ஐந்து முதல் ஒன்பது பவர் ஆம்ப்ளிஃபயர்கள், அத்தனைக்கும் தீனி போடும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். இவ்வளவு கனமும் சூடும் அதனால்தான்.

கே: ஸ்பீக்கர் வயர் மாட்டும் இடத்தில் சிவப்பும் கறுப்புமாகக் குட்டிப் பிளாஸ்டிக் மூடிகள் இருக்கின்றன. பனானா பிளக் போடவிடாமல் தடுக்கின்றன. எதற்கு இந்தத் தொல்லை? (கோவை வாசகர்)

ப: அருமையான கேள்வி. பனானா பிளக்கை 1924இல் உருவாக்கியவர் ஜெர்மனியின் எஸ்லிங்கன் நகரைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹிர்ஷ்மன். அதன் தடிமன் 4 மி.மீ. ஐரோப்பிய வீடுகளில் சிறு கருவிகளுக்கான இரு முனை மின் பிளக்கின் கம்பித் தடிமனும் 4 மி.மீ.தான். அங்கே சுவர் சாக்கெட்டின் இரண்டு துளைகளுக்கு இடையிலான தூரம் 19 மி.மீ. இரண்டு பனானா பிளக்குகளைச் சேர்த்துச் செய்யும் இரட்டைப் பிளக்கின் இடைவெளியும் அதுவே. அப்படியானால் என்ன நடக்கும்? தரையில் கிடக்கும் ஸ்பீக்கர் வயரை ஒரு குழந்தை எடுத்து நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகிவிடலாம். அதைத் தடுக்கத்தான் ஐரோப்பாவில் பனானா துளைகளை மூடி விற்கிறார்கள். ஒரே மாதிரிப் பெட்டி உலகெங்கும் போவதால் மூடியும் நம் ஊருக்கு வந்துவிட்டது.

நம் வீட்டு 6 ஆம்பியர் சாக்கெட்டின் இடைவெளியும் ஏறக்குறைய அதே 19 மி.மீ. என்பதை மறக்க வேண்டாம். துளையோ இன்னும் பெரியது. மூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒரு முனை பனானா பிளக்கோடு தொங்கும் வயர் எதையும் விட்டுவைக்காதீர்கள். வெறும் கம்பியை முறுக்கி மாட்டினாலும் ஒலி குறைந்துவிடாது. ஒரு செ.மீ. அளவுக்கு உரித்து, பிரியாமல் முறுக்கி, ஒரு இழைகூடப் பக்கத்து முனையைத் தொடாமல் இறுக்கினால் போதும்.

கே: ஆன் செய்த சில விநாடி கழித்து உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். ஏதாவது உடைகிறதா? (நாகர்கோவில் வாசகி)

ப: உடையவில்லை, உங்கள் ஸ்பீக்கரைக் காப்பாற்றுகிறது. அது ரிலே. 1835 வாக்கில் அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி செய்து பார்த்தது. தந்திக் கம்பிகளில் வலுவிழந்துவரும் சமிக்ஞையைப் புது மின்சாரம் கொடுத்து அடுத்த ஊருக்கு அனுப்பப் பயன்பட்டது. ஆம்ப்ளிஃபயரில் அதற்கு வேறு வேலை. ஆன் செய்த கணத்தில் உள்சுற்று நிலைக்கு வந்திருக்காது. அப்போது நேர்மின்சாரம் ஸ்பீக்கருக்குள் பாய்ந்தால் உள்ளே இருக்கும் சுருள் வெந்துவிடும். எல்லாம் சரி என்று உறுதியான பிறகே ரிலே ‘டக்’கென்று ஸ்பீக்கரை இணைக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஷார்ட் ஆனாலும் அதிகம் சூடேறினாலும் அதுவே இணைப்பைத் துண்டித்துவிடும். பெரும்பாலான மாடல்களில் அப்போது முன்பக்க விளக்கு மினுக்கும்.

அப்படி நின்றுபோனால் மறுபடி மறுபடி ஆன் செய்து பார்ப்பதுதான் நம்மவர் வழக்கம். அதுதான் தவறு. பிளக்கைப் பிடுங்குங்கள். எல்லா ஸ்பீக்கர் வயரையும் கழற்றிவிட்டு ஒரு முறை ஆன் செய்யுங்கள். பெட்டி நிற்காமல் ஓடினால் கோளாறு வயரில் அல்லது ஸ்பீக்கரில். ஒவ்வொரு முறையும் ஆஃப் செய்து, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தால் குற்றவாளி சிக்கிவிடும். ஸ்பீக்கரே இல்லாதபோதும் நின்றுபோனால் கோளாறு உள்ளே இருக்கிறது. அதற்கு மேல் முயல வேண்டாம். ஒவ்வொரு முயற்சியிலும் இன்னொரு டிரான்சிஸ்டர் போகலாம்.

கே: ஒலி அளவு மைனஸ் 30, மைனஸ் 25 என்று காட்டுகிறது. சத்தத்தில் என்ன மைனஸ்? (திருச்சி வாசகர்)

ப: டெசிபல் பிறந்த இடம் தொலைபேசிக் கம்பி. நெடுந்தூரக் கம்பியில் பேச்சு எவ்வளவு தேய்கிறது என்று அளக்க 1920களில் அமெரிக்காவின் பெல் நிறுவனப் பொறியாளர்கள் உருவாக்கிய அளவு அது. இழப்பை அளக்க வந்ததால் மைனஸ் அதற்குப் புதிதல்ல. ரிசீவரில் 0 என்பது சினிமா தியேட்டரின் நிர்ணய அளவு. மைக்கை வைத்து ஸ்பீக்கர்களைச் சரிசெய்த பெட்டியில் 0 வைத்தால், வெடிச் சத்தம் வரும் காட்சியில் ஒரு ஸ்பீக்கரே 105 டெசிபல் வரை போகும். மைனஸ் 30 என்றால் அதிலிருந்து 30 கீழே.

ஒரு கணக்கை மட்டும் நினைவில் வையுங்கள். 3 டெசிபல் கூட்டினால் ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு சக்தி தர வேண்டும். 10 கூட்டினால் பத்து மடங்கு. அதனால்தான் மைனஸ் 20 வரை சாதுவாக இருந்த பெட்டி மைனஸ் 8இல் திணறுகிறது. திணறும்போது வெளிவரும் சிதைந்த ஒலி முதலில் பலிவாங்குவது, கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரை. காதுக்கும் கணக்கு உண்டு: 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாக வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. ரிசீவரின் மெனுவில் அதிகபட்ச ஒலியளவைக் கட்டிப்போடும் வசதி இருக்கிறது. வீட்டில் கல்லூரி மாணவர் இருந்தால் உடனே பயன்படுத்துங்கள்.

கே: பெட்டியில் ‘3000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று போட்டிருக்கிறது. நம்பலாமா? (சேலம் வாசகர்)

ப: கூடாது. வாட்டைக் கூட்டிச் சொல்லும் வியாபாரம் அமெரிக்காவிலும் நடந்தது. 1974இல் அங்கே வணிக ஆணையம் விதி போட்டு நிறுத்தியது. பெட்டிக்குப் பின்னால் எத்தனை வாட் மின்சாரம் இழுக்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். 60 வாட் இழுக்கும் பெட்டி 3000 வாட் கொட்ட முடியாது. நல்ல நிறுவனத்தின் பெட்டியிலும், எத்தனை ஓமில், எத்தனை ஸ்பீக்கர் ஒரே நேரத்தில் ஓடும்போது அந்த வாட் கிடைக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

கே: மகன் அமெரிக்காவிலிருந்து ரிசீவர் கொண்டுவந்திருக்கிறான். பிளக் முனையை மட்டும் மாற்றினால் போதுமா? (கும்பகோணம் வாசகர்)

ப: போதாது. மாற்றி மாட்டினால் ஃபியூஸாவது போகும், டிரான்ஸ்ஃபார்மராவது போகும். அமெரிக்காவில் 120 வோல்ட், இங்கே 230. எடிசன் 1882இல் நியூயார்க்கில் மின்நிலையம் தொடங்கியபோது தம் கார்பன் இழை பல்புக்கு ஏற்ப 110 வோல்ட் அளவில் வைத்தார். அமெரிக்கா அந்த வழியிலேயே போனது. ஐரோப்பாவில் 1899 வாக்கில் பெர்லின் மின் நிறுவனம் 220க்கு மாறியது. வோல்ட்டை இரட்டிப்பாக்கினால் அதே கம்பியில் அதிக வீடுகளுக்குக் கொடுக்கலாம், செம்புச் செலவு மிச்சம் என்பது கணக்கு. பிரிட்டிஷ்காரர்கள் வழியாக நமக்கு 230 வந்தது.

பெட்டியின் பின்னால் ‘120வி’ என்று மட்டும் இருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் அவசியம். பெட்டி இழுக்கும் வாட்டைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு திறன் உள்ளதாக வாங்குங்கள். ஷேவருக்கும் ஹேர் டிரையருக்கும் விற்கும் கையடக்க கன்வர்ட்டரில் ரிசீவரை ஓட்டாதீர்கள். சதுர அலை இன்வெர்ட்டரிலும் வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடேறும்.

கே: பிளக்கைப் பிடுங்கிவிட்டால் மூடியைத் திறந்து சுத்தம் செய்யலாமா? அப்போது ஷாக் அடிக்காதே? (தூத்துக்குடி வாசகர்)

ப: அடிக்கும். மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெபாசிட்டரே ஷாக் அடித்துத்தான் உலகுக்குத் தெரிந்தது. ஹாலந்தின் லைடன் நகரில் 1746இல், தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவைக்கு மின்சாரம் ஏற்றிச் சோதித்தார் பேராசிரியர் முஷன்ப்ரூக். எந்திரத்தை நிறுத்தினால் மின்சாரமும் போய்விடும் என்பது அன்றைய எண்ணம். ஒரு கையில் குடுவையைப் பிடித்து மறுகையால் கம்பியைத் தொட்டபோது உடலே குலுங்கியது. பிரான்ஸ் நாட்டையே கொடுத்தாலும் இன்னொரு முறை செய்யமாட்டேன் என்ற பொருளில் நண்பருக்குக் கடிதம் எழுதினார். ஜெர்மானியரான ஃபான் க்ளைஸ்ட் அதற்குச் சற்று முன்பே இதே அடியை வாங்கியிருந்தார்.

உங்கள் ரிசீவரில் அந்தக் குடுவையின் வாரிசுகள் இரண்டு நிற்கின்றன: 10,000 மைக்ரோஃபாரட் அளவில், ஒவ்வொன்றிலும் 50 வோல்ட்டோ அதற்கு மேலோ. ஸ்விட்ச்-மோடு பவர் சப்ளை உள்ள பெட்டியானால் ஒரு பகுதியில் 300 வோல்ட்டுக்கு மேலும் தேங்கியிருக்கும். சில பெட்டிகளில் சில நிமிடங்களில் வடியும். பழுதான பெட்டியில் மணிக்கணக்கில் நிற்கும். ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு முனைகளையும் தொட்டு ‘பட்’டென்று வெடிக்கவைத்து வடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது முனையையும் கெடுக்கும், கண்ணிலும் பொறி தெறிக்கும். விவரம் தெரிந்த மெக்கானிக் தகுந்த ரெசிஸ்டர் வைத்து மெதுவாக வடித்து, மல்ட்டிமீட்டரில் வோல்ட் பார்த்த பிறகே கை வைப்பார். சரிசெய்த பெட்டியை முதலில் சீரிஸ் பல்பு போட்டுத்தான் ஆன் செய்வார். உள்ளே இன்னும் ஷார்ட் இருந்தால் 100 வாட் குண்டு பல்பு பிரகாசமாக எரியும், பெட்டி தப்பிக்கும். சீரிஸ் பல்பு இல்லாத பட்டறையில் உங்கள் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

கே: வால்யூம் திருகினால் கரகரக்கிறது. டபிள்யூடி-40 அடிக்கலாமா? (ஈரோடு வாசகர்)

ப: அது பிறந்த வேலை வேறு. 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில், அட்லஸ் ஏவுகணையின் தகட்டில் ஈரம் தங்கித் துருப்பிடிக்காமல் இருக்கச் செய்தார்கள். நாற்பதாவது முயற்சியில் கலவை சரியாக வந்ததால் பெயரில் 40. துருப்பிடித்த கதவுக் கீலுக்கு நல்லது. வால்யூம் கன்ட்ரோலில் அடித்தால் எண்ணெய்ப் படலம் தங்கி, அடுத்த மாதம் தூசி ஒட்டும். எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் என்று தனியாக விற்கிறார்கள். பெட்டியைத் திறந்துதான் அடிக்க வேண்டும். எனவே முந்தைய பதிலை இன்னொரு முறை படியுங்கள்.

கே: கேபிள் டி.வி. இணைத்ததும் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல். எர்த் பின்னை ஒடித்தால் நின்றுவிடும் என்கிறார் எலக்ட்ரீஷியன். (சென்னை வாசகி)

ப: இரைச்சல் நிற்கும், ஆபத்து தொடங்கும். கேபிள் கம்பி ஒரு பூமி இணைப்பு, உங்கள் வீட்டு எர்த் இன்னொன்று. இரண்டுக்கும் இடையே ஓடும் சிறு மின்னோட்டம்தான் அந்த முனகல். 1983இல் தோஷிபா நிறுவனம் கொண்டுவந்த ஆப்டிக்கல் கேபிள் இதற்கு நல்ல மருந்து. ஒலி வெளிச்சமாகப் போவதால் அதில் மின்சாரம் கடக்காது. செட்-டாப் பாக்ஸிலிருந்து ரிசீவருக்கு அதைப் போட்டுப் பாருங்கள். கேபிள்காரரிடம் ஐசொலேட்டர் கேட்டும் பார்க்கலாம். எர்த் பின்னைத் தொட வேண்டாம்.

கே: ஃபியூஸ் போனால் ஒரு செம்புக் கம்பி வைத்துக் கட்டிவிடலாமா? (விருதுநகர் வாசகர்)

ப: எடிசன் 1890இல் காப்புரிமை வாங்கிய ஃபியூஸின் வேலையே எரிவதுதான். அது எரியாவிட்டால் வேறேதாவது எரியும். அதே ஆம்பியர், அதே வகை ஃபியூஸ் போடுங்கள். அதுவும் போனால் மெக்கானிக்கிடம் போங்கள்.

கே: பெட்டி நீண்ட நாள் உழைக்க நாங்கள் வீட்டிலேயே என்ன செய்யலாம்? (திருநெல்வேலி வாசகி)

ப: மூடியைத் திறக்காமலே நிறையச் செய்யலாம். ரிசீவர் இழுக்கும் மின்சாரத்தில் கணிசமான பங்கு சூடாகத்தான் போகிறது. எனவே மேலே ஒரு சாண் இடம் விடுங்கள். செட்-டாப் பாக்ஸ், டாய்லி, பூச்சாடி எதையும் மேலே வைக்காதீர்கள். பின்பக்கம் அடைத்த அலமாரி வேண்டாம். மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காற்றுத் துளைகளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். வெதுவெதுப்பைத் தேடிப் பல்லி உள்ளே போவது நம் ஊர்ப் பிரச்சினை. சர்க்யூட் போர்டில் அது குறுக்கே விழுந்தால் அதுவும் போகும், பெட்டியும் போகும். சுற்றிலும் எறும்பும் தின்பண்டத் துணுக்கும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாஃப்ட்வேர் அப்டேட் ஓடும்போது பவரை நிறுத்தாதீர்கள். இடி மின்னல் என்றால் பவர் பிளக்கோடு டிஷ் அல்லது கேபிள் கம்பியையும் கழற்றுங்கள். மின்னல் எந்தக் கம்பி வழியாகவும் வரும்.

கடைசியாக ஒன்று. 1950களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளிகளைக் காப்பாற்ற உருவான கருவிகளின் வழியில் வந்ததுதான் ஆர்.சி.சி.பி. என்ற ஸ்விட்ச். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டிவிடும். லட்ச ரூபாய்க்கு ஸ்பீக்கர் வாங்கும் வீட்டில்கூட இது பல நேரம் இருப்பதில்லை. இன்றே மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். இருந்தால் அதன் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்துங்கள். உடனே டிரிப் ஆக வேண்டும். அந்த ஸ்விட்சே வீட்டில் இல்லாவிட்டால், அடுத்த ஸ்பீக்கருக்கு முன்னால் அதை வாங்குங்கள்.