தோள் சிக்கிப் பிறந்த குழந்தை: வழக்குத் தொடுக்க எவ்வளவு காலம் இருக்கிறது?

கேள்வி: என் மகளுக்கு இப்போது இரண்டு வயது நான்கு மாதம். கர்ப்பமாக இருந்தபோது எனக்கு இனிப்புநீர் இருந்தது. பிள்ளை பெரிதாக இருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் விளக்கவில்லை. அரசாங்க மருத்துவமனையில் பிரசவம். தலை வெளியே வந்த பிறகு தோள் சிக்கிக்கொண்டது. ஒரு மிஸ்ஸி என் வயிற்றை அழுத்தினார், இன்னொருவர் தலையைப் பிடித்து இழுத்தார். பிறந்தபோது எடை 4.3 கிலோ. வலது கை இன்றுவரை தோளுக்கு மேல் எழும்பவில்லை. பிள்ளைக்குப் 18 வயது ஆன பிறகுகூட கேஸ் போடலாம் என்கிறார் எங்கள் தோட்டத்தில் ஒருவர். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோமே, இனி என்ன செய்வது என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?
- வாசகி, கோலா குபு பாரு

பதில்: சகோதரி, இருவர் சொல்வதும் சரியில்லை. தோட்டத்துக்காரர் சொன்னதை நம்பினால் வழக்கே கைவிட்டுப் போய்விடும். ஆகவே அதை முதலில் சொல்கிறேன்.

பிள்ளை வளர்ந்த பிறகும் வழக்குப் போடலாம் என்பது தனியார் மருத்துவமனைகளுக்குப் பொருந்தும். 1953ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கவனக்குறைவு வழக்குக்கு ஆறு ஆண்டு அவகாசம். பாதிக்கப்பட்டவர் சிறுவயதினர் என்றால் அவர் 18 வயதை எட்டிய பிறகே அந்த ஆறு ஆண்டு தொடங்கும். அரசாங்க மருத்துவமனை என்றால் கணக்கு வேறு. அங்கே 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. அதன் 2ஆம் பிரிவு கொடுப்பது 36 மாதம்தான். தனிச் சட்டத்தில் தனிக் காலவரை இருந்தால் 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின் சலுகைகள் அங்கே செல்லாது. கை இன்னும் குணமாகவில்லையே, பாதிப்பு தொடர்கிறதே என்ற வாதத்தையும் நம்பி உட்காராதீர்கள். மகள் பிறந்த தேதியிலிருந்து மூன்று ஆண்டு என்றே கணக்குப் போடுங்கள். உங்களிடம் மிஞ்சியிருப்பது எட்டு மாதம். ஒரு நிபுணரின் அறிக்கை வாங்கவே அதில் பாதி போய்விடும்.

அடுத்தது கையெழுத்து. சிகிச்சைக்குச் சம்மதம் என்பதற்கு நீங்கள் இட்ட கையெழுத்து அது. கவனக்குறைவையும் பொறுத்துக்கொள்கிறோம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. உங்கள் கணவர் இந்த விஷயத்தில் மனம் தளர வேண்டாம்.

இனி, உங்களுக்கு வழக்கு இருக்கிறதா என்ற கேள்வி. கை ஊனமானது என்பது மட்டுமே கவனக்குறைவுக்குச் சான்று ஆகாது. தோள் சிக்குவது எந்த மருத்துவமனையிலும் நடக்கலாம். எல்லாம் சரியாகச் செய்தும் கழுத்து நரம்பு இழுபட்டுக் கை பலவீனமான குழந்தைகள் உண்டு. நீதிமன்றம் இதில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகப் பார்க்கும்.

ஒன்று, பிரசவ அறையில் செய்தது சரியா? நோயை அறிவதிலும் சிகிச்சையிலும், தேர்ந்த மருத்துவர்கள் ஏற்கும் முறையைப் பின்பற்றியிருந்தால், அந்த முறை நியாயமானதாகவும் இருந்தால், மருத்துவர் மீது குற்றம் இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 2017இல் உறுதி செய்தது. அதுவும் பிரசவ வழக்குதான். குடும்பம் தோற்றது. இங்கே நான் உங்களிடம் கேட்க விரும்புவது, மிஸ்ஸி அழுத்தியது எந்த இடத்தில்? தாயின் தொடைகளை வயிற்றோடு மடக்கிப் பிடித்து, அடிவயிற்றில் இடுப்பெலும்புக்குச் சற்று மேலே அழுத்துவது ஏற்கப்பட்ட முறை. சிக்கிய தோளை அது விடுவிக்கும். வயிற்றின் மேற்பகுதியில் அழுத்தினால் தோள் இன்னும் இறுகும், செய்யக்கூடாது என்றே பாடம். ஒரு சாண் இடைவெளியில் வழக்கின் முடிவு மாறிவிடும். உங்களுக்கும், உடன் இருந்தவர் யாராவது இருந்தால் அவருக்கும் நினைவில் இருப்பதை இன்றே தேதி போட்டு எழுதி வையுங்கள். தலை வெளிவந்த நேரம், உடல் வெளிவந்த நேரம், டாக்டர் வந்த நேரம், அங்கே இருந்தவர்களின் பெயர்கள். அரசாங்கத்தின் மீது வழக்கு என்றால் தவறு செய்த ஊழியர் யார் என்று காட்ட வேண்டி வரும்.

இரண்டு, உங்களுக்கு என்ன சொன்னார்கள்? உங்கள் வழக்கின் பலம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. ஃபூ ஃபியோ நா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஒரு முக்கியமான தீர்ப்பு அளித்தது. ஆபத்தை நோயாளிக்குச் சொல்லும் கடமையில், மற்ற டாக்டர்கள் சொல்வார்களா மாட்டார்களா என்பது அளவுகோல் ஆகாது. நோயாளியின் இடத்தில் இருக்கும் ஒருவர் எதை முக்கியம் என்று கருதுவாரோ அதைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2015இல் மாண்ட்கொமரி வழக்கில் இதே வழிக்கு வந்தது. அந்த வழக்கைத் தொடுத்தவரும் உங்களைப் போன்ற ஒரு தாய்தான். குள்ளமான உருவம், இனிப்புநீர், பெரிய குழந்தை. தோள் சிக்க 9 முதல் 10 விழுக்காடு வாய்ப்பு இருந்தும் டாக்டர் அதைச் சொல்லவில்லை. சொன்னால் தாய்மார் சிசேரியன் அறுவையைக் கேட்பார்கள் என்பது அவருடைய எண்ணம். தலை வந்து உடல் வர 12 நிமிடம் ஆனது. அந்தத் தாய் வென்றார்; பிள்ளைக்கான இழப்பீடு 52.5 லட்சம் பவுண்டு. சொல்லியிருந்தால் அறுவையைத் தேர்ந்தெடுத்திருப்பேன் என்பதை நீங்களும் நிறுவ வேண்டும்.

இதற்கெல்லாம் ஆதாரம் காகிதம். கர்ப்பப் பரிசோதனைப் புத்தகத்தைப் பத்திரப்படுத்துங்கள். அதில் ஒட்டிய வண்ண ஸ்டிக்கர், சீனித் தண்ணீர் குடித்து எடுத்த ரத்தப் பரிசோதனை, கடைசி ஸ்கேனில் குறித்த எடை, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பச் சொன்ன குறிப்பு எல்லாம் பேசும். நம் வட்டாரத்துத் தாய்மாருக்கு இந்தக் கடைசிக் குறிப்பு மிக முக்கியம். சிறப்பு மருத்துவர் வேண்டுமென்றால் செலாயாங் அல்லது சுங்கை பூலோ வரை போக வேண்டியிருக்கிறது, அனுப்புவதில் தாமதமா என்பதே பல வழக்குகளில் கேள்வி. பிரசவக் குறிப்புகள், இதயத்துடிப்புப் பதிவுத் தாள், குழந்தையின் அறிக்கை ஆகியவற்றுக்கு மருத்துவமனையில் எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். தர மறுத்தால், வழக்குக்கு முன்பே ஆவணங்களைக் கோர 2012ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகளில் வழி உண்டு.

மகளின் பெயரில், நீங்கள் அவளுடைய பிரதிநிதியாக நின்று வழக்கு நடத்தலாம். கோரிக்கை 10 லட்சம் ரிங்கிட்டுக்குள் என்றால் செஷன்ஸ் நீதிமன்றம், மேலே போனால் உயர் நீதிமன்றம். வலி வேதனை, சிகிச்சை, பிசியோதெரபி, நீங்கள் வேலையை விட்டுப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு இவற்றைக் கேட்கலாம். அவளுடைய எதிர்கால வருமான இழப்பைக் கேட்க முடியாது. காயத்துக்கு முன் சம்பாதித்திருக்க வேண்டும் என்கிறது 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம். பிறக்கும்போதே காயப்பட்ட பிள்ளைக்கு இது பெரிய அநீதி, மாற வேண்டிய சட்டம்.

ஜெயித்தால் பாதி கொடு என்று வருபவர் யாராக இருந்தாலும் கதவை மூடுங்கள்; அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை வழக்கறிஞர் தொழில் சட்டம் தடை செய்கிறது. செலவுக்கு வழியில்லை என்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகுங்கள். மருத்துவ மன்றத்தில் புகார் செய்யலாம், ஆனால் அங்கே நஷ்டஈடு கிடைக்காது. புகார் நடக்கிறது என்பதால் 36 மாதக் கணக்கும் நிற்காது.

வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். கை அறுவை நிபுணர் ஒருவரிடம் பிள்ளையை இதுவரை காட்டவில்லை என்றால் உடனே காட்டுங்கள். இந்த வயதிலும் தசைநாண் மாற்று அறுவை போன்ற வழிகள் உண்டு. மருத்துவமனைக் குறிப்புகளுக்கான விண்ணப்பத்தையும் இந்த வாரமே கொடுத்து, அதன் நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.