வயிற்றைக் கலக்கும் அச்சம்: மருத்துவ மாணவரும் குடல் எரிச்சல் நோயும்

அச்சம் மிகும்போது 'வயிற்றைக் கலக்குகிறது' என்கிறோம். தீச்செய்தி கேட்டால் 'வயிற்றில் புளியைக் கரைத்தது' என்கிறோம். கவலை நீங்கினாலோ 'வயிற்றில் பால் வார்த்தாற்போல்' என்கிறோம். மனத்தின் நிலையை வயிற்றின்மேல் ஏற்றிச் சொல்லும் இவ்வழக்குகள் வெறும் அணிநயம் அல்ல. அவற்றுள் அமைந்த உண்மையை மருத்துவ மாணவர் வாழ்வோடு பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோயில் வயிற்றுவலி அடிக்கடி வரும். வயிற்றுப்போக்கோ மலச்சிக்கலோ, இரண்டும் மாறிமாறியோ தொல்லை தரும். 2016ஆம் ஆண்டின் நான்காம் ரோம் வரையறைப்படி, ஆறு திங்களுக்கு முன்பே தொடங்கிய வலி, கடந்த மூன்று திங்களாக வாரம் ஒரு நாளேனும் வருதல் வேண்டும். மலம் கழித்தலோடு தொடர்பு, கழிக்கும் தடவையில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் ஆகிய மூன்றனுள் இரண்டேனும் அவ்வலியோடு சேர்ந்திருத்தல் வேண்டும். குடலைச் சோதித்தால் புண்ணோ கட்டியோ புலப்படாது. எனினும் வலி பொய்யன்று.

மூளையும் குடலும்

குடற்சுவரில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் உள்ளன. உடலிலுள்ள செரோடோனின் என்னும் வேதிப்பொருளில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலிலேயே உள்ளது. மூளையும் குடலும் நரம்புகள் வழியே இடையறாது செய்தி பரிமாறுகின்றன. மன அழுத்தம் மிகும்போது குடலின் அசைவு மாறுகிறது. சிறு அசைவும் பெருவலியாக உணரப்படுகிறது. வயிற்றுக் காயம் துளையாகவே நிலைத்துவிட்ட ஒருவரை ஆராய்ந்து 1833இல் நூல் வெளியிட்ட அமெரிக்க மருத்துவர் வில்லியம் பியூமாண்ட், சினம் செரிமானத்தைக் குலைப்பதை அன்றே கண்டார்.

மாணவர் நிலை

காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தார்க்கு அண்மையிலுள்ள மருத்துவக் கல்லூரி, அண்ணாமலை நகரில் 1985இல் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தோன்றியதாகும். 2020இல் தமிழக அரசு அளித்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டால் அரசுப் பள்ளி மாணவரும் மருத்துவப் படிப்பில் கூடுதலாகச் சேர்கின்றனர். தமிழ்வழியில் பயின்றவர்க்குத் தடித்த ஆங்கில நூல்கள் முதலாண்டிலேயே மலைப்பைத் தருகின்றன. நான்கரை ஆண்டுப் படிப்பு, அதன்பின் ஓராண்டுப் பயிற்சி, ஓயாத தேர்வுகள், இரவு விழிப்பு, நேரந்தவறிய உணவு, பசியடக்கும் தேநீர் எனச் சுமை பெருகுகிறது. மருத்துவ மாணவரிடையே பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் இந்நோயைக் கவலையோடும் மன அழுத்தத்தோடும் தொடர்புபடுத்துகின்றன.

நோயினும் கொடியது அதனை மறைத்தல். 'டாக்டருக்குப் படிப்பவனுக்கே நோயா?' என்னும் ஏளனத்திற்கு அஞ்சி மாணவர் வாய்மூடுகின்றனர். தாமே மாத்திரை வாங்கி விழுங்குகின்றனர். பாடநூலில் படித்த புற்றுநோயெல்லாம் தமக்கு வந்ததாக எண்ணி மேலும் கலங்குகின்றனர்.

செய்யத்தக்கன

மலத்தில் குருதி, காரணமின்றி உடல் மெலிதல், காய்ச்சல், குருதிச்சோகை, உறக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றின் வேறு நோய் இருக்கலாம். உடனே மருத்துவரைக் காணவேண்டும். ஏனையோர்க்கு நேரந்தவறாத உணவு, போதிய உறக்கம், நடைப்பயிற்சி, தேநீர் காப்பிக் குறைப்பு, மருத்துவர் அறிவுரைப்படி இசப்கோல் முதலியன துணைபுரியும். உளவியல் ஆலோசனையும் இதற்குரிய மருத்துவமே. அது பைத்தியத்திற்கான மருத்துவம் என்று கருதுதல் அறியாமை.

பெற்றோரும் ஆசிரியரும் சமுதாயப் பெரியோரும் மதிப்பெண்ணை வினவுமுன் 'சாப்பிட்டாயா? தூங்கினாயா?' என்று வினவுதல் நலம். தேர்வு நாளில் ஒரு மாணவர் 'வயிற்றைக் கலக்குகிறது' என்றால் சாக்குப்போக்கு என்று தள்ளாது செவிமடுப்போமாக. நாளை நம் நோயைக் கேட்கவிருப்பவரின் நோயை இன்று நாம் கேட்பது கடமையன்றோ!