டிக்கெட்டில் உள்ளது எந்த ஊர் நேரம்?

சகோதரிகளே, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்த நம் உறுப்பினர் மகன் துபாய் கிளம்பினார். டிக்கெட்டில் சென்னை காலை 10.00, துபாய் பகல் 12.45. "ரெண்டே முக்கால் மணி நேரந்தானே, இன்னும் போன் வரலையே" என்று 2 மணிக்கு அந்த அக்கா அழுதுகிட்டே கூட்டத்துக்கு வந்தாங்க. டிக்கெட் நகலை வாங்கிப் பார்த்தோம். விமானம் அப்போதும் வானத்தில்தான்!

இறங்கும் நேரத்தை அந்த ஊர் கடிகாரப்படிதான் போடுவார்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால், அங்கே 12.45 என்றால் இங்கே 2.15. தூரம் சுமார் 2,900 கி.மீ., பயணம் நாலேகால் மணி நேரம்.

கிழக்கே சிங்கப்பூரும் ஏறக்குறைய அதே தூரம்தான். அங்கே சூரியன் முந்தி உதிக்கும், கடிகாரமும் இரண்டரை மணி முன்னால். காலை 10-க்குக் கிளம்பினால் டிக்கெட்டில் மாலை 4.45 என்றிருக்கும்.

இறங்கிய பிறகு பாஸ்போர்ட் சோதனை, பெட்டி எடுப்பது வேறு. அக்காவுக்குப் போன் வந்தது மூன்றரைக்கு.